பசு செத்தாலும் அது விபத்துதான்

கேள்வி: எங்கள் தெருவில் 38 வீடுகள். தெருவோரமாக 11 கிலோவோல்ட் கம்பியும், அதற்குக் கீழே வீடுகளுக்கு மின்சாரம் தரும் கம்பிகளும் ஒரே கம்பங்களில் போகின்றன. சாலையை இரண்டு முறை உயர்த்திப் போட்டதில் கம்பிகள் மிகவும் தாழ்ந்துவிட்டன. சென்ற மழையில், இரவு நேரத்தில், கீழ்க்கம்பி ஒன்று அறுந்து விழுந்து, தனியாக வாழும் பக்கத்து வீட்டு அம்மாவின் சினைப்பசு இறந்தது. இரண்டு மணி நேரத்தில் கம்பியை ஒட்டுப் போட்டு மின்சாரம் கொடுத்துவிட்டார்கள். 'காற்றடித்தால் கம்பி அறத்தான் செய்யும்' என்றார்கள். கம்பியை உயர்த்தித் தரும்படி கையெழுத்து வாங்கி மூன்று முறை மனு கொடுத்தோம், நகல்களை இணைத்திருக்கிறேன். 'எஸ்டிமேட் போடுகிறோம், தெருக்காரர்கள் பணம் கட்டுங்கள்' என்று வாய்மொழியாகச் சொன்னதோடு சரி. இப்போது மின் கட்டணம் பற்றிய பொதுக் கேட்பு அறிவிப்பு நாளிதழில் வந்திருக்கிறது. அங்கே போய் இதைப் பேசலாமா? 'கட்டணம் வேறு, கம்பி வேறு. அங்கே பேசவிட மாட்டார்கள். லைன்மேனைப் பகைத்துக்கொண்டால் ஃபியூஸ் போடக்கூட ஆள் வராது' என்கிறார்கள் தெருவில்.

- குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போங்கள். பேசவிடுவார்கள். ஆனால் இப்போது கையில் இருக்கும் மனுவை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஏன் என்று சொல்ல, கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்ட பசுவிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் மனு நகல்கள் மூன்றையும் படித்தேன். மூன்றிலும் பசுவைக் காணவில்லை. அது அந்த அம்மாவின் தனிப்பட்ட இழப்பு, தெருப் பிரச்சினைக்குள் அதை ஏன் இழுக்க வேண்டும் என்று விட்டிருப்பீர்கள் போலும். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. மின்பாதையில் நடந்த விபத்தில் மனித உயிரோ விலங்கின் உயிரோ போனால், அல்லது போயிருக்கக்கூடும் என்றாலே, பாதைக்கு உரியவர் மின் ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு. விலங்கு என்ற சொல் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. அறிவிப்பதற்கு 24 மணி நேரம் கெடு வைத்து 2005-இல் தனி விதிகளும் வந்தன. மின் ஆய்வாளர், மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனத்தின் ஆள் அல்லர். 162-ஆம் பிரிவின்படி அரசு நியமிப்பவர். அவர் வந்து பார்த்து, எதனால் அறுந்தது, யார் எதைச் செய்யத் தவறினார்கள் என்று எழுதும் ஒரு தாள், உங்கள் 38 கையெழுத்துகளையும்விடக் கனமானது.

இரண்டு மணி நேரத்தில் ஒட்டுப் போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. மின் விநியோகத்தில் முப்பது ஆண்டுகள் பொறியாளராக இருந்தவன் நான். விரைந்து மின்சாரம் கொடுத்ததற்காக எங்களை மக்கள் பாராட்டுவார்கள். அறுந்த முனையை எடுத்துப் பத்திரப்படுத்தினீர்களா, அது தேய்ந்து அறுந்ததா, பழைய ஒட்டில் விட்டதா, கிளை விழுந்து அறுந்ததா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒட்டுப் போட்டதும் சாட்சியம் கம்பத்தின் மேலேறிவிடுகிறது. அடுத்த முறை இப்படி ஏதாவது நடந்தால் (நடக்கக் கூடாது), தூரத்தில் நின்றபடி அறுந்த முனையைப் படம் எடுத்து வையுங்கள்.

பசு எப்படி இறந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பில் யாராவது 'மாடு கம்பியை மிதித்திருக்கும்' என்று சொல்லக்கூடும். மிதித்திருக்கத் தேவையே இல்லை. மின்னோட்டமுள்ள கம்பி ஈர மண்ணில் கிடக்கும்போது, அது தொட்ட இடத்திலிருந்து மின்னழுத்தம் வட்டம் வட்டமாகக் குறைந்துகொண்டே போகும். அந்த நிலத்தில் நிற்பவரின் இரண்டு கால்களும் இரண்டு வேறு அழுத்தங்களில் இருக்கும். மனிதனின் ஒரு எட்டைவிட மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம்; ஆகவே அதன் உடம்பில் பாயும் அழுத்தமும் அதிகம். மின்னோட்டம் போகும் வழியிலேயே இதயமும் இருக்கிறது. மனிதர் தப்பிக்கக்கூடிய தூரத்தில் மாடு செத்துவிடும். அன்றைக்கு அந்த இடத்தில் ஒரு குழந்தை இன்னும் நான்கு எட்டு முன்னால் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அந்தப் பசுதான் அளவுகோல். 2017 நவம்பரில் சென்னை கொடுங்கையூரில் மழைநீரில் கிடந்த கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தது உங்களுக்கும் நினைவிருக்கும்.

'காற்றடித்தால் கம்பி அறத்தான் செய்யும்.' உண்மைதான், அறும். அறுந்து விழுந்த பிறகும் அதில் ஏன் மின்சாரம் இருந்தது?

பொதுவீதிக்கு மேலே போகும் கம்பி அறுந்தால், அதை மின்சாரமற்றதாக்கித் தீங்கில்லாமல் செய்யும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் மின் பாதுகாப்பு விதிகளில் நீண்ட காலமாக இருக்கும் நிபந்தனை. மத்திய மின்சார ஆணையம் 2010-இல் வெளியிட்டு 2023-இல் புதிதாக்கிய ஒழுங்குமுறைகளிலும் அது இருக்கிறது. கம்பி ஒருநாள் அறும் என்பதை எதிர்பார்த்தே விதியை எழுதியிருக்கிறார்கள். ஃபியூஸ் இருக்கிறதே, அது போகாதா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட் கம்பி மண்ணில் விழுகிறது. மண் தரும் தடை 50 ஓம் என்று வைத்துக்கொண்டால் ஓடும் மின்னோட்டம் ஐந்து ஆம்பியருக்கும் கீழே. ஒரு சிறிய தண்ணீர் சூடேற்றி இழுக்கும் அளவு. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரோ முழுச் சுமையில் 130 ஆம்பியருக்கு மேல் கொடுக்கக்கூடியது. அதன் ஃபியூஸும் அதற்கேற்பத்தான் இருக்கும். தெருவில் உயிரைக் குடித்துக்கொண்டிருக்கும் கம்பியை அந்த ஃபியூஸ் இன்னொரு வீட்டின் சுமை என்றே நினைக்கும். அடிக்கடி போகிறது என்று ஃபியூஸில் தடித்த கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் கம்பிகளுக்குக் கீழே நில இணைப்புள்ள (எர்த் செய்த) காப்புக் கம்பி கட்டுகிறார்கள். அறுந்த கம்பி முதலில் அதன்மேல் விழ வேண்டும். உலோகமும் உலோகமும் தொட்டால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் உடனே போய்விடும். உங்கள் தெருவில் உயர் அழுத்தமும் தாழ்வழுத்தமும் ஒரே கம்பத்தில் போகின்றன. மேலே இருப்பது அறுந்து கீழே உள்ளதைத் தொட்டால் 11,000 வோல்ட் வீட்டுக்குள் வரும். அங்கே காப்பு இரட்டிப்பு அவசியம். நாளைக் காலை நிமிர்ந்து பாருங்கள், காப்புக் கம்பி இருக்கிறதா, அறுந்து தொங்குகிறதா என்று. மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்க வீட்டில் பொருத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. என்ற கருவி, வீட்டுக்குள் ஏற்படும் கசிவுக்குத்தான். தெருக் கம்பிக்கு அது துணை வராது.

காற்றின்மேல் பழி போடுவதை உச்ச நீதிமன்றமும் ஏற்றதில்லை. 2002 ஜனவரியில் மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் வந்த தீர்ப்பு இதற்குப் பெயர் போனது. மழைநீர் தேங்கிய சாலையில் கிடந்த கம்பியில் சிக்கி, வேலை முடிந்து இரவில் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர் இறந்தார். யாரோ கொக்கி போட்டு மின்சாரம் திருட முயன்றதால்தான் கம்பி விழுந்தது என்று வாரியம் வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆபத்தான பொருளைக் கையாள்பவர், தம் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று காட்டினாலும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்றது. திருடனைக் காட்டியே தப்ப முடியாதபோது காற்றைக் காட்டி எப்படித் தப்புவது?

இனி 'பணம் கட்டுங்கள்' என்பதற்கு வருகிறேன். இதில் ஒரு நியாயமும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே போகும் கம்பிக்கு அருகில் ஒருவர் பிறகு வந்து மாடி எழுப்பினால், கம்பியை மாற்றும் செலவு அவருடையது என்பது விதி. உங்கள் தெருவில் அப்படி ஓரிரு வீடுகள் இருந்தால் அவற்றை இந்த மனுவிலிருந்து விலக்கி வையுங்கள். இல்லாவிட்டால் அவற்றைக் காட்டியே முழு மனுவையும் தள்ளிவிடுவார்கள். ஆனால் நீங்கள் சொல்வது சாலை உயர்ந்த கதை. அதே விதியில் கட்டடத்தோடு சாலை மட்டமும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது: கம்பிக்குக் கீழே சாலையை உயர்த்துபவர், விநியோக நிறுவனத்துக்கும் மின் ஆய்வாளருக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உயர்த்தியது நீங்கள் அல்ல, உள்ளாட்சி அமைப்பு. அவர்கள் தெரிவித்தார்களா? தெரிவித்திருந்தால் விநியோகப் பிரிவு என்ன செய்தது? தெரிவிக்கவில்லை என்றால், கேள்வி கேட்க வேண்டிய இன்னொரு கதவு இருக்கிறது. இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே தெருக்காரர்கள் எங்கே வந்தார்கள்? 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தபோதும் சாலை மட்டம் உயர்ந்திருந்தது பற்றிப் பேச்சு வந்தது. பேச்சோடு நின்றதா என்பது ஒவ்வோர் ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வி.

கம்பி 'மிகவும் தாழ்ந்துவிட்டது' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். எண்ணைச் சொல்லுங்கள். தெருவின் நீளவாக்கில் போகும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. 11 கிலோவோல்ட் கம்பி 5.8 மீட்டருக்கு. தெருவைக் குறுக்காகக் கடந்தால் முறையே 5.8, 6.1 மீட்டர். 11 கிலோவோல்ட் கம்பி கட்டடத்துக்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டராவது, மேலே போனால் 3.7 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். கம்பி வெயிலில் நீண்டு தொய்யும். ஆகவே கோடை நண்பகலில் நிலைமை இன்னும் மோசமாக இருக்கும் என்பதையும் குறிப்பிடுங்கள்.

ஆனால், தயவுசெய்து, ஒருவரும் கோலையோ நாடாவையோ தூக்கிக்கொண்டு அளக்கப் போகாதீர்கள். காய்ந்த மூங்கில் என்று நம்பிப் போய்விடாதீர்கள். உயரம் தெரிந்த ஏதாவது ஒன்று, ஒரு லாரியோ வீட்டு வாசலோ, சட்டகத்துக்குள் வரும்படி தள்ளி நின்று படம் எடுத்தால் போதும். அளக்க வேண்டியவர்கள் அவர்கள். உங்கள் மனுவில் கேட்க வேண்டியது கூட்டு ஆய்வு: உதவிப் பொறியாளரும் உள்ளாட்சிப் பொறியாளரும் உங்கள் சங்கமும் சேர்ந்து நின்று அளந்து, அளவைக் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று.

மனுக்களைப் பற்றி. 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்', 'ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம்', 'தங்கள் மேலான கவனத்துக்கு'... இந்த மூன்று மனுக்களும் வேண்டுதல்கள். வேண்டுதலை நிறைவேற்றவும் செய்யலாம், கிடப்பில் போடவும் செய்யலாம். நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபோது இப்படிப்பட்ட தாள்களை என்ன செய்தோம் என்று எனக்குத் தெரியும். அடுக்கினோம். எந்த மனுவைப் பார்த்தால் பயம் வரும் தெரியுமா? இன்ன தேதியில், இன்ன எண்ணுள்ள கம்பத்துக்கும் இன்ன எண்ணுள்ள கம்பத்துக்கும் நடுவே கம்பி அறுந்தது, இன்ன உயிர் போனது, 161-ஆம் பிரிவின்படி அறிவிப்பு அனுப்பப்பட்டதா, அந்த இடத்தில் காப்புக் கம்பி இருந்ததா, தரையிலிருந்து உயரம் எவ்வளவு என்று நான்கு வரி எழுதி, அடியில் 'நகல்: மின் ஆய்வாளர்' என்று போட்ட மனுவைப் பார்த்தால்தான். அடுத்த விபத்து நடந்தால் அந்தத் தாள் நீதிமன்றத்தில் இருக்கும். அதைப் படித்தும் சும்மா இருந்தவர் பெயரும் கூடவே இருக்கும். தபால் பதிவேட்டில் ஏற்றி, தேதியும் முத்திரையும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். வாங்க மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்ட்.

கூடவே பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம். விபத்து அறிவிப்பின் நகல், உங்கள் தெருப் பாதையில் கடைசியாகப் பராமரிப்புப் பணி நடந்த தேதி, அந்தக் கம்பி போடப்பட்ட ஆண்டு, சாலை உயர்த்தியபோது உள்ளாட்சி அமைப்பிலிருந்து வந்த கடிதம், வாய்மொழியாகச் சொன்ன எஸ்டிமேட். இவ்வளவு போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். 'அப்படி ஓர் ஆவணம் இல்லை' என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள். அதைவிட நல்ல பதில் கிடைக்காது.

எந்தக் கதவு எதற்கு என்பதில் பலரும் குழம்புகிறார்கள். விபத்தின் காரணத்தை விசாரிப்பது மின் ஆய்வாளர். புகார் கொடுத்தும் சரிசெய்யாமல் இழுத்தடிப்பது சேவைக் குறைபாடு. அதற்கு நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அதன் முடிவு திருப்தி தராவிட்டால் மின் குறைதீர்ப்பாளர். சட்டத்தின் 42-ஆம் பிரிவு தரும் வழி இது. தமிழ்நாட்டில் 2004 முதல் இதற்குத் தனி ஒழுங்குமுறைகள் உண்டு. வக்கீல் வேண்டியதில்லை. புகாரைத் தீர்க்க 45 நாளுக்கு மேல் போகக் கூடாது என்று 2020-இல் வந்த மத்திய அரசின் நுகர்வோர் உரிமை விதிகள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. மன்றத்தில் விநியோக நிறுவனத்தின் அதிகாரிதானே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பீர்கள், நியாயமான சந்தேகம். அதற்காகத்தான் குறைதீர்ப்பாளர் என்ற அடுத்த படி. மன்றத்தைத் தாண்டி நேரே மேலே போனால் 'முதலில் அங்கே போ' என்பார்கள்.

மின் கட்டணத்தை நிர்ணயிப்பதும் நீங்கள் சொல்லும் பொதுக் கேட்பை நடத்துவதும் மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அதனிடம் போய் 'எங்கள் தெருக் கம்பியை உயர்த்துங்கள்' என்று கேட்டாலும் அதே பதில்தான். தனி நுகர்வோரின் வழக்கைத் தீர்ப்பது ஆணையத்தின் வேலை அல்ல என்று 2007-இல் மகாராஷ்டிர ஆணையம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'கட்டணம் வேறு, கம்பி வேறு' என்று உங்கள் தெருவில் சொல்பவர்கள் இந்த அளவுக்குச் சரி. இதற்கு மேல் தவறு.

கட்டணம் என்பது என்ன? விநியோக நிறுவனம் ஆணையத்தின் முன் தன் மொத்த வருவாய்த் தேவையை வைக்கிறது. மின்சாரம் வாங்கும் செலவு, சம்பளம், வட்டி, தேய்மானம். அவற்றோடு 'பழுதுபார்ப்பு, பராமரிப்பு' என்று ஒரு வரி. தேய்ந்த கம்பியை மாற்ற, சாய்ந்த கம்பத்தை நிமிர்த்த, காப்புக் கம்பி கட்ட, கிளை வெட்ட ஆகும் செலவு அந்த வரியில் இருக்கிறது. புதிய கம்பி, நடுக் கம்பம் போன்றவை மூலதனத் திட்டத்தில் இருக்கும். ஆணையம் அனுமதிக்கும் தொகை உங்கள் பில்லில் வந்து சேருகிறது. பராமரிப்புக்கான பணத்தை நீங்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கட்டிக்கொண்டேதான் இருக்கிறீர்கள், சகோதரி. இப்போது எஸ்டிமேட் என்று கேட்பது இரண்டாம் முறை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் அல்ல. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சான் புரூனோ என்ற ஊரில் 2010 செப்டம்பர் 9 அன்று பூமிக்கடியில் போன எரிவாயுக் குழாய் வெடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். 1956-இல் பதித்த குழாய். அதில் பற்றவைப்பே (வெல்டிங்) இல்லை என்று நிறுவனத்தின் பதிவேடு சொன்னது. வெடித்த துண்டில் இருந்ததோ குறைபாடுள்ள பற்றவைப்பு. குழாய்ப் பாதுகாப்புக்கென்று கட்டணத்தில் வாங்கிய பணம் முழுவதும் அதற்குச் செலவாகவில்லை என்பதும் பின்னர் தணிக்கையில் வெளிவந்தது. ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் நடந்த விசாரணையில், 1973-இல் தொடங்கப்பட்ட டர்ன் என்ற நுகர்வோர் அமைப்பும் ஒரு தரப்பாக வாதாடியது. 2015-இல் அந்த பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனத்துக்கு 160 கோடி டாலர் தண்டனை விதிக்கப்பட்டது. அதில் 85 கோடி டாலரை எரிவாயுப் பாதுகாப்புப் பணிகளுக்கு, நுகர்வோர் தலையில் கட்டாமல், பங்குதாரர் பணத்திலிருந்தே செலவிட வேண்டும் என்பது உத்தரவு. எனக்குப் பிடித்தது அபராதத்தின் அளவு அல்ல, இந்த நிபந்தனைதான். அந்த மாநிலத்தில் இன்னொன்றும் உண்டு: ஆணையத்தின் முடிவுக்கு உருப்படியாக உதவிய நுகர்வோர் பிரதிநிதிக்கு அவருடைய செலவைத் திருப்பித் தரச் சட்டம் இருக்கிறது. இங்கே பஸ் செலவு உங்களுடையது.

ஆனால் பேசும் உரிமை இங்கேயும் இருக்கிறது. கட்டண மனுவை நாளிதழில் வெளியிட வேண்டும், பொதுமக்களின் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் பார்த்த பிறகே ஆணை பிறப்பிக்க வேண்டும் என்பது 64-ஆம் பிரிவு. அதற்கு முன்பிருந்த சட்டத்தின்கீழ் கொல்கத்தாவில் எழுந்த வழக்கிலும், நுகர்வோரைக் கேட்டாக வேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நுகர்வோர் சார்பில் பேச ஒருவரை ஆணையமே நியமிக்கவும் 94-ஆம் பிரிவில் இடம் உண்டு, கேட்டுப் பாருங்கள். புனேயின் பிரயாஸ், சென்னையில் 1985 முதல் இயங்கும் சி.ஏ.ஜி. (அரசுத் தணிக்கைத் துறை அல்ல, அதே சுருக்கப்பெயர் கொண்ட நுகர்வோர் அமைப்பு) போன்ற அமைப்புகள் மின்சார விவகாரங்களில் நுகர்வோர் பக்கம் நின்று வேலை செய்துவருபவை. முதல் முறை போகிறவர்கள் அவர்களிடம் பேசிவிட்டுப் போவது நல்லது.

அங்கே உங்கள் தெருவின் கதையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். மீதி நேரத்தில் மாநிலத்துக்கே பொதுவான கேள்விகளைக் கேளுங்கள். பழுதுபார்ப்புக்குச் சென்ற ஆண்டு அனுமதித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு? குறைவாகச் செலவிட்டிருந்தால் மிச்சம் எங்கே போனது? கம்பி மாற்றவும் காப்புக் கம்பி கட்டவும் மூலதனத் திட்டத்தில் எவ்வளவு, எத்தனை கிலோமீட்டர் முடிந்தது? 161-ஆம் பிரிவின்கீழ் எத்தனை விபத்துகள் அறிவிக்கப்பட்டன, மனிதர் எத்தனை, கால்நடை எத்தனை? மின் ஆய்வாளர் சொன்ன குறைகளில் எத்தனை சரிசெய்யப்பட்டன? களப்பணியாளர் இடங்களில் எத்தனை காலி? விபத்து இழப்பீடாகக் கொடுத்த தொகை கட்டணக் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறதா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கவனக்குறைவால் உயிர் போய், அதற்கான இழப்பீட்டையும் நுகர்வோரே பில்லில் கட்டுவது என்றால், எச்சரிக்கையாக இருக்க யாருக்கு என்ன அவசரம்?

இவற்றை அறிவிப்பில் சொன்ன கடைசித் தேதிக்குள் எழுத்தில் கொடுங்கள். ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. நேரில் பேசுவது கூட்டத்துக்கு. எழுதிக் கொடுப்பதுதான் ஆணைக்கு. கட்டண ஆணையில் ஆட்சேபங்களையும் அவற்றுக்கு நிறுவனம் சொன்ன பதிலையும் ஆணையத்தின் கருத்தையும் பதிவு செய்வார்கள். முதல் முறை 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்று ஒரு வரிப் பதில் வரும். அதைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த கேட்புக்கு அந்த வரியோடு போய், எடுத்த நடவடிக்கையைக் காட்டுங்கள் என்று கேட்கலாம். ஆணையத்தின் உத்தரவை மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை, தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்கு ஆறாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 142-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. தொகை சிறியதுதான். ஆனால் உத்தரவு என்று ஒன்று இருந்தால்தானே மீறலும் இருக்கும். பொதுவாகப் பேசிவிட்டு 'தக்க நடவடிக்கை தேவை' என்று முடிக்காமல், தாழ்ந்த கம்பிகளைக் கணக்கெடுத்து இத்தனை மாதத்துக்குள் அறிக்கை தர உத்தரவிடுங்கள் என்று கேளுங்கள்.

லைன்மேனைப் பற்றிய பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். மழை இரவில் உங்கள் கம்பத்தில் ஏறப் போகிறவர் அவர்தான். ஆனால் அந்தத் தொய்ந்த கம்பியால் முதலில் ஆபத்து யாருக்கு? இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மின்சாரம் தாக்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தொகுப்புகள் காட்டுகின்றன. கம்பத்தில் ஏறி இறந்தவர்களை எனக்குத் தெரியும். ஒருவருடைய மகளின் திருமணத்தில் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். மனுவில் எந்த லைன்மேனின் பெயரையும் எழுதாதீர்கள். காலியிடங்கள் பற்றிய கேள்வியையும் கையுறை, நில இணைப்புக் கோல் தரப்பட்டிருக்கிறதா என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரிடமே மனுவின் நகலைக் காட்டுங்கள். எந்தக் கம்பத்தில் என்ன கோளாறு என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இரண்டு திருத்தம் சொல்லி அனுப்பினாலும் அனுப்புவார்.

பசுவை இழந்த அம்மாவுக்கு: பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். கால்நடை மருத்துவரின் சான்று வாங்காமலே புதைத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. வாங்கியிருக்காவிட்டால், அன்று பார்த்த இருவரின் எழுத்து வாக்குமூலம், கிராம நிர்வாக அலுவலரின் சான்று, கைப்பேசிப் படங்கள், பால் ஊற்றிய கணக்கு நோட்டு, சினை ஊசி போட்ட சீட்டு ஆகியவற்றை இந்த வாரமே சேர்த்துவிடுங்கள். அவருடைய இழப்பீட்டு மனுவும் உங்கள் தெரு மனுவும் தனித்தனியாகப் போகட்டும். ஒன்றில் இன்னொன்றைக் குறிப்பிட்டால் போதும்.

கம்பி உயரும் வரை, மழை இரவுகளில் தெருவில் யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். கம்பி விழுந்தால் பத்து மீட்டருக்குள் ஒருவரும் போகக் கூடாது. கட்டையால் தள்ளிவிடப் பார்க்கும் வீரர்களைப் பிடித்து நிறுத்துங்கள். அருகில் மாட்டிக்கொண்டவர் ஓடக் கூடாது. இரண்டு பாதங்களும் ஒட்டியபடி சிறிது சிறிதாக நகர்ந்து வெளியே வர வேண்டும். மாட்டின் கால்களைப் பற்றி மேலே சொன்னேனே, அதே காரணம்தான். முதல் தொலைபேசி அழைப்பு பிரிவு அலுவலகத்துக்கு. அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மனு எழுதி முடித்ததும், கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்னதாகவாவது நகலை எனக்கு அனுப்புங்கள். பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். கம்ப எண்களை மறக்காதீர்கள்; ஒவ்வொரு கம்பத்திலும் பெயிண்டில் எழுதியிருக்கும், அழிந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.